ஆவணியில் இறந்த கதிர்காமத்தம்பி

"கூலிக்குப் போனவனுக்கு எங்கை பிள்ளை சரித்திரம்?"

சிவநேசன் அங்கிள் இதைக் கேட்டபோது அவருடைய தட்டில் இரண்டு மட்டன் ரோல் இருந்தன. ஒன்றைப் பாதி கடித்திருந்தார். கனடாவில், மில்லிக்கனில், யாருடையவோ பிள்ளைக்கு முதலாவது பிறந்தநாள். மண்டபம் முழுக்கப் பலூன் மணம், பொரியல் மணம், கதவோரம் குவித்து வைத்திருந்த ஈரக் கோட்டுகளின் மணம்.

தொடக்கியது அப்பாதான். எனக்குப் பல்கலைக்கழகத்தில் வரலாற்று மேற்படிப்புக்கு இடம் கிடைத்த வாரம் அது. கண்டவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். என்ன தலைப்பு என்று அங்கிள் கேட்டார். இரண்டாம் உலகப் போர், திருகோணமலை என்றேன். அப்பா உடனே, தன்னுடைய அப்பப்பாவும், அதாவது என் பூட்டனும், அந்தப் போரில்தான் செத்தவர், சீனன்குடாவில் விமானத்தளம் போடக் கூலிக்குப் போன இடத்தில் யப்பான்காரன் குண்டு போட்டுச் செத்தவர் என்று சேர்த்துச் சொன்னார். அதற்குத்தான் அந்தக் கேள்வி.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அப்பா சிரித்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அங்கிள் கெட்ட மனிதர் இல்லை. ஊரில் அரச அலுவலகத்தில் இருந்தவர், இங்கே கணக்காளராகி ஓய்வு பெற்றவர், நிறைய வாசிப்பவர். ராசாவுக்குக் கல்வெட்டு இருக்கிறது, கிளாக்கருக்குக் கோப்பு இருக்கிறது, மண் சுமந்தவனுக்கு என்ன இருக்கிறது என்பதுதான் அவர் கேட்டது. நியாயமான கேள்வி. நியாயமாக இருந்தபடியால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது.

"இருக்கு அங்கிள். காட்டுறன்" என்றேன்.

காட்டவும் செய்தேன். பிறகு, காட்டியதை நானே கழற்றி எடுத்தேன். இந்த வாரம் அதைத்தான் எழுத வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இந்தத் தொடரின் இரண்டாவது வாரத்தில், என் பூட்டன் கதிர்காமத்தம்பி குண்டுவீச்சில் இறந்தார் என்று இதே பக்கத்தில் எழுதியிருந்தேன். அது பிழை. அச்சில் விட்ட பிழையை அச்சில்தான் திருத்த வேண்டும்.

குண்டு விழுந்த காலை

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

1942 தொடக்கத்தில் யப்பானிடம் சிங்கப்பூர் விழுந்தது. பர்மா விழுந்துகொண்டிருந்தது. பிரித்தானியக் கடற்படைக்கு ஒதுங்குவதற்கு மிஞ்சியிருந்த பெரிய துறைமுகங்களில் ஒன்று திருகோணமலை. அதைக் காக்க விமானம் வேண்டும், விமானத்துக்கு ஓடுபாதை வேண்டும், ஓடுபாதைக்குக் காடு வெட்டவும் கல் சுமக்கவும் ஆள் வேண்டும். தம்பலகாமத்து வயல்களில் கூலிக்கு நின்றவர்கள் சீனன்குடாவுக்குப் போனார்கள். என் பூட்டனும் போனார். வயது முப்பதைத் தாண்டியிருக்கும். யாரும் எண்ணி வைக்கவில்லை.

சித்திரை வருடப்பிறப்புக்கு நாலைந்து நாள் இருக்கும்போது, ஒரு காலை நேரம் யப்பானிய விமானங்கள் வந்தன. கப்பல்களில் பல முதல்நாளே கடலுக்கு அனுப்பப்பட்டுவிட்டன. அனுப்பி வைக்க முடியாதவர்கள் கரையில் நின்றார்கள். எண்ணெய்த் தாங்கி ஒன்று நாள்கணக்கில் எரிந்தது.

இவ்வளவும் புத்தகங்களில் இருக்கிறது. எத்தனை விமானம், எந்த மாதிரி, ஓட்டியவர்கள் யார், எல்லாம் இருக்கிறது. கரையில் நின்ற கூலியாட்களுக்கு ஒரு வரி இருக்கும். சில புத்தகங்களில் அந்த வரி இப்படி வரும்: குண்டுவீச்சுக்குப் பிறகு தொழிலாளர்கள் ஓடிவிட்டபடியால் வேலை தடைப்பட்டது.

அந்த வரியை வாசிக்கும்போதெல்லாம் என் பூட்டன் ஓடவில்லை, அவர் செத்தார் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். ஏதோ அதில் ஒரு பெருமை இருந்தது.

வெக்ஸ்போர்ட்டில் ஒரு பலகை

வெக்ஸ்போர்ட்டில் நாங்கள் இருக்கும் தொடர்மாடிக்குக் கிட்ட ஒரு சமூக மண்டபம் இருக்கிறது. மண்டபத்து நடைபாதையில் ஒரு பெரிய நினைவுப் பலகை. பச்சைத் துணி போர்த்திய தக்கைப் பலகை. உலகப் போர்களில் கொல்லப்பட்ட தங்கள் வீட்டு ஆட்களுக்கு, அவர்கள் எந்த நாட்டவராக இருந்தாலும், அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் அதில் ஒரு காட், தடித்த கடதாசி அட்டை, ஊசியால் குத்தலாம். பெயர், இடம், இறந்த திகதி, ஒரு வரிக் குறிப்பு. கிரேக்கப் பெயர்கள் இருக்கின்றன, பிலிப்பினோப் பெயர்கள் இருக்கின்றன, இத்தாலியில் புதைக்கப்பட்ட கனடியப் பையன்கள் இருக்கிறார்கள்.

பலகையைப் பார்த்துக்கொள்பவர் டொறத்தி என்ற வெள்ளைக்காரப் பெண்மணி. எண்பது வயதுக்கு மேல். ஒரு நாளும் பார்த்திராத தன் தகப்பனின் காட்டை அவர் பலகையின் நடுவில் குத்தவில்லை, ஓரத்தில் குத்தியிருந்தார். அதனாலேயே எனக்கு அவரைப் பிடித்தது.

போன வருடம் கார்த்திகையில் நான் பூட்டனின் காட்டை எழுதினேன். கதிர்காமத்தம்பி என்ற பெயர் ஆங்கில எழுத்தில் ஒரு வரிக்குள் அடங்கவில்லை. டொறத்தி அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டு, பெயரை வெட்ட வேண்டாம், இரண்டு காட்டை ஒட்டி எழுது என்றார். பலகையிலேயே நீளமான காட் எங்களுடையது.

அப்பா கோட்டு சூட்டோடு வந்தார். என் பட்டமளிப்புக்கு வாங்கியது. அதற்கிடையில் மெலிந்துவிட்டார், தோள் தொங்கியது. தனக்குத் தெரியாத எழுத்தில் இருந்த பெயரின் மேல் விரலை வைத்து, எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று என்னிடம் கேட்டார். காட்டினேன். தொடங்கிய இடத்திலிருந்து முடிந்த இடம் வரை மெல்லத் தடவினார்.

சிவநேசன் அங்கிளும் வந்திருந்தார். நான்தான் அழைத்தேன். காட்டை இரண்டு தரம் வாசித்துவிட்டு அப்பாவின் கையைப் பிடித்தார். அண்ணை, பெரிய விசயம் என்றார். இருபது வருடப் பழக்கத்தில் அவர் அப்பாவை அண்ணை என்று கூப்பிட்டது அன்றுதான். அதற்கு முதல், "இஞ்சை பாரும்" என்பார்.

வீட்டுக்கு வரும் வழியில், பஸ்ஸால் இறங்கும்போது அப்பா, "அண்ணை எண்டவன்" என்றார்.

மூன்று பெயர்கள்

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு காட்டுக்கு ஏன் இவ்வளவு என்று தோன்றும்.

எங்கள் ஆட்களில் ஆண்பிள்ளை தகப்பனுக்குத் திவசம் செய்யும்போது ஐயர் மூன்று பெயர் கேட்பார். தகப்பன், தகப்பனின் தகப்பனான பேரன், அவருக்கும் தகப்பனான பூட்டன். அந்த மூன்றுக்கும்தான் எள்ளும் தண்ணீரும். நாலாவது பெயருக்கு இடமில்லை. ஒவ்வொரு தலைமுறை போகும்போதும் மேலே இருக்கும் ஒருவர் வரிசையிலிருந்து விழுந்துவிடுவார்.

அப்பா பெயர் சொல்லும்போது கதிர்காமத்தம்பி இரண்டாவது ஆள். உலகத்தில் அந்தப் பெயரை யாராவது வாய்விட்டுச் சொல்வது வருடத்தில் அந்த ஒரு நாள்தான். பிறப்புப் பத்திரம் இல்லை, காணி உறுதி இல்லை, படம் இல்லை, கல்லறை இல்லை.

அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. கிழமையில் மூன்று நாள் டயாலிசிஸ். அவருக்கு நான் ஒரே பிள்ளை. அவருக்குச் சகோதரர்கள் இல்லை, ஊரில் ஒரு அக்கா மட்டும். பெண்பிள்ளை செய்கிறது எங்கள் பக்கம் வழக்கமில்லை. மனம் வைத்து யாராவது ஐயர் என்னைச் செய்ய விட்டாலும் பூட்டன் மூன்றாவது ஆள். எனக்குப் பிறகு நாலாவது. அதோடு சரி.

அதனால்தான் பலகை. அப்பாவின் வாய்க்கு வெளியே அந்தப் பெயர் இருக்கிற ஒரே இடம் அந்த நீளமான காட்.

வீட்டுத் திகதிகள்

எங்கள் வீட்டில் எனக்கு முதல் யாரும் பள்ளிக்கூடத்தை முடிக்கவில்லை. முடிக்கவில்லை என்பது மரியாதையான சொல். அம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. அப்பா இரண்டு வருடம் போனார், பிறகு மாடு பார்க்க ஆள் தேவைப்பட்டது.

ஆகவே எங்கள் வீட்டில் திகதி என்று ஒன்று கிடையாது. நான் பிறந்தது ஒரு வெள்ளத்துக்கு அடுத்த கிழமை. நாங்கள் ஊரை விட்டது தைப்பூசத்துக்கு முதல் செவ்வாய். அகதி விசாரணையில் அப்பா இப்படித்தான் சொன்னார். மொழிபெயர்த்தவர் ஒரு தரம் ஒரு திகதியாகவும் இன்னொரு தரம் வேறொரு திகதியாகவும் மாற்றினார். கதை முன்னுக்குப் பின் முரண் என்று விசாரித்த ஆட்கள் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்கள். அப்பா பொய் சொல்லவில்லை. தைப்பூசம் வருடத்துக்கு வருடம் நகரும் என்பது அந்த அறையில் அவருக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

பத்து வயதிலிருந்து அந்த வேலை என்னுடையதாகியது. பழைய பஞ்சாங்கங்களைத் தேடி எடுத்து, எங்கள் வீட்டு நாட்களை எல்லாம் இங்கிலீசுத் திகதியாக மாற்றி, படிவங்களில் எழுதிக் கொடுத்தேன். பக்கத்துக் கதவு ஆட்களும் வருவார்கள். சித்திராபௌர்ணமிக் கஞ்சிக்கு மூன்றாம் நாள் என்றால் எத்தனையாம் திகதி பிள்ளை என்று கேட்பார்கள். நான் சொல்வேன். அதில் எனக்கு அப்படி ஒரு இறுமாப்பு. இந்த வீட்டில் இரண்டு கலண்டரும் தெரிந்த ஒரே ஆள் நான்.

அவ்வளவு பேருக்கும் மாற்றிக் கொடுத்தேன். பூட்டனுக்கு மட்டும் மாற்றவில்லை. அவர் செத்த திகதி புத்தகத்திலேயே இருந்தது அல்லவா. குண்டு விழுந்த திகதி. அதை அப்படியே பார்த்துக் காட்டில் எழுதினேன். வீட்டில் கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

றிச்மண்ட் ஹில்

இந்த வருடம் பிள்ளையார் சதுர்த்திக்கு அப்பாவை றிச்மண்ட் ஹில் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டயாலிசிஸ் இல்லாத நாள். நல்ல சனக்கூட்டம். காரை எங்கேயோ தூரத்துப் புல்லில் விட்டு நடந்தோம். அப்பா நாலு எட்டுக்கு ஒரு தரம் நின்றார்.

தரிசனம் முடிந்து கார் நிறுத்தும் இடத்தின் ஓரக் கல்லில் உட்கார்ந்தோம். யாரோ கொடுத்த மோதகத்தை அப்பா மடித்த கடதாசியில் வைத்திருந்தார். பொட்டாசியம், பொசுபரசு என்று அவருக்கு எல்லாம் தடை. மணந்து பார்த்துவிட்டு எனக்குத் தந்தார்.

"நாளையிண்டைக்கு அப்பப்பான்ர திவசம் வரும்" என்றார். "அப்பா இருக்கேக்க விளாம்பழம் வாங்கியருவார். சதுர்த்திக்குப் படைச்சது முடிஞ்சு, ரெண்டாம் நாள் அவருக்கு. சந்தையில அப்ப மலிவு. நாங்கள் பழத்துக்காகப் பாத்துக்கொண்டிருப்பம்."

மோதகம் வாயில் இருந்தது. விழுங்கினேன்.

"ஆர்ர திவசம், அப்பா?"

"அப்பப்பான்ர. உன்ர பூட்டன்ர. யப்பான்காரன் குண்டு போட்ட நாள்."

சதுர்த்தி ஆவணியில் வருவது. குண்டு விழுந்தது பங்குனிக் கடைசியில். இடையில் ஐந்து மாதம்.

எந்தக் கலண்டரும் அவ்வளவு தூரம் நகராது. அப்பாவுக்குக் குண்டு விழுந்த மாதம் தெரியாது, ஆகவே அவருக்கு அதில் முரண் ஏதும் இல்லை. அவருடைய அப்பா விளாம்பழம் வாங்கிய நாள்தான் யப்பான்காரன் வந்த நாள். எனக்குத் தெரிந்த புத்தகத்தில் ஆவணியில் குண்டு இல்லை. இரண்டு பேரும் அறுபத்தைந்து வருடமும் இருபத்தாறு வருடமும் ஒரே கதையைத்தான் வைத்திருந்தோம், ஒருவருடைய பாதியை மற்றவர் பார்க்காமல்.

பேவியூ வீதியில் கார்கள் போய்க்கொண்டிருந்தன. முகம் ஏன் இப்படிக் கிடக்கிறது என்று அப்பா கேட்டார். வெயில் என்றேன்.

பூமணி மாமி

அப்பாவின் அக்கா பூமணி மாமி இன்னும் தம்பலகாமத்தில்தான் இருக்கிறார். அடுத்த நாள் அவருக்குத் தொலைபேசியில் வீடியோ அழைப்பு எடுத்தேன். திரையில் பாதி நெற்றியும் ஒரு மின்விசிறியும் தெரிந்தன.

முதல் கால் மணித்தியாலம் எனக்கு ஏன் இன்னும் கலியாணம் ஆகவில்லை என்பதைப் பற்றியது. இன்னும் எத்தனை வருடம் படிக்கப் போகிறாய், கனடாவில் புத்தகம் முடியாதோ என்று கேட்டார். பிறகு நான் பூட்டனைப் பற்றிக் கேட்டேன். மின்விசிறி மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது.

மாமி சொன்னது இவ்வளவுதான்.

குண்டு விழுந்த அன்று எல்லோரையும் போல அவரும் ஓடினார். கந்தளாய்ப் பக்கக் காட்டுக்குள். சில கிழமைகள் கழித்து வீட்டுக்கு வந்தார். பர்மா அரிசி நின்றுபோன காலம். தளத்தில் வேலைக்கு நின்றால்தான் அரிசி என்றார்கள். திரும்பப் போனார். கூலியாட்கள் தங்கும் லைனில், தகரக் கூரைக்குக் கீழே, நடுக்கக் காய்ச்சல் வந்து பத்து நாள் கிடந்தார். சதுர்த்திக்கு இரண்டாம் நாள் செத்தார். வீட்டுக்குச் சொல்லி அனுப்ப ஆளில்லை. பிறகொரு நாள் ஊரவன் ஒருவன் அவர் உடுக்கும் சாரத்தையும் மண்வெட்டியையும் கொண்டுவந்து கொடுத்தபோதுதான் தெரியும். உடம்பை எந்தக் குழியில் தாட்டார்கள் என்று அவனுக்கும் தெரியாது. நாளை மட்டும் கேட்டு வைத்துக்கொண்டார்கள்.

அப்படியென்றால் குண்டு என்று ஏன் சொன்னார்கள் என்று கேட்டேன். மாமிக்கு எரிச்சல் வந்தது.

"நீ படிச்சனிதானே, உனக்கு இது விளங்கேல்லையே? குண்டில செத்தவன் எண்டு சொன்னா சனம் ஒருக்கா நிண்டு கேக்கும். காய்ச்சல் எண்டா 'ஓ' எண்டுபோட்டுப் போயிடும். அந்த வருசம் காய்ச்சலில சாகாதவன் ஆர்?"

கதையை முதலில் சொன்னது பூட்டனின் மனைவி. பிள்ளைகளுக்குச் சொன்னார். பிள்ளைகள் நம்பினார்கள். மூத்த பேத்தியான மாமிக்கு மட்டும், வளர்ந்த பிறகு ஒரு நாள், உண்மையைச் சொல்லியிருக்கிறார். என் அப்பாவுக்குச் சொல்லவில்லை.

"அவனுக்குச் சொல்லாதை" என்றார் மாமி. "அவன் பாவம்."

சொன்னேன்

ஒரு கிழமை சொல்லாமல் இருந்தேன். டயாலிசிஸ் அறையில் அவர் பக்கத்தில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய இரத்தம் குழாயில் போய்க் குழாயில் வந்தது.

அந்த ஒரு கிழமையும் எனக்குள் நான் வைத்த வாதங்கள் வாசகர்களுக்கும் தெரிந்தவைதான். யாருக்கு நட்டம்? யார் பார்க்கப் போகிறார்கள்? போர் இல்லாவிட்டால் அவர் அந்த லைனில் கிடந்திருப்பாரா, ஆகவே போர்தானே கொன்றது? எல்லாம் சரியான வாதங்கள். ஆனால் காட்டில் எழுதியிருப்பது அது இல்லை. காட்டில் ஒரு திகதி எழுதியிருக்கிறது. அந்தத் திகதியில் அவர் உயிரோடு கந்தளாய்க் காட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்தார். என் கையெழுத்தில் அவரை ஐந்து மாதம் முன்கூட்டியே கொன்றிருக்கிறேன்.

இயந்திரம் முடிந்து கட்டுப் போட்ட பிறகு அப்பாவிடம் சொன்னேன். கோட்டை மாட்டிக்கொண்டிருந்தவர் ஒரு கை உள்ளேயும் ஒரு கை வெளியேயுமாக நின்றார்.

"காய்ச்சலோ" என்றார்.

"ஓம் அப்பா."

"ஓடினவரோ."

"எல்லாரும் ஓடினவை."

மற்றக் கையையும் கோட்டுக்குள் விட்டார். காருக்கு நடந்தோம். சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, முன்னால் பார்த்தபடி, "இருக்கட்டும் பிள்ளை. விடு. ஆருக்குத் தெரியப் போகுது" என்றார்.

"எனக்குத் தெரியும்."

"உன்னைப் படிப்பிச்சது நான்தானே" என்றார் அப்பா. அதில் கோபம் இருந்ததா, பெருமை இருந்ததா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. கேட்கப் பயம்.

நாலு ஊசி

டொறத்தியிடம் போனேன். என் கணக்கு வேறு. உண்மையைச் சொன்னால் திகதியையும் குறிப்பு வரியையும் மாற்றி, புதுக் காட் எழுதத் தருவார் என்று நம்பியிருந்தேன். விமானத்தளம் போட்டவர், காய்ச்சலில் இறந்தவர் என்று வரியைக்கூட எழுதிக்கொண்டு போயிருந்தேன்.

அவர் முழுவதையும் கேட்டார். "ஓ" என்றார். பிறகு என் கையைத் தொட்டு, "ஓ, டியர்" என்றார்.

பலகை கொல்லப்பட்டவர்களுக்கானது. நோயில் இறந்த வேலையாட்களையும் சேர்த்தால், அந்த வருடங்களில் பசியில் இறந்தவர்கள், குளிரில் இறந்தவர்கள், பிள்ளைப்பேற்றில் இறந்தவர்கள் எல்லோரும் வர வேண்டும், இந்தச் சுவர் போதாது என்றார். அவர் சொன்னது எனக்கு விளங்கியது. அந்தச் சுவர் போதாது என்பது உண்மை. எந்தச் சுவரும் போதாது. உலகப் போரைப் பற்றி இத்தனை வருடம் வாசித்ததில் இவ்வளவு சரியாக யாரும் எனக்குச் சொல்லவில்லை.

பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார். பழைய காட் அங்கேயே இருக்கட்டுமே, நான் ஒன்றும் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்கிறேனே என்றார். அப்பா சொன்ன அதே வார்த்தைகள், வேறு மொழியில்.

எல்லோரும் எனக்கு அனுமதி தந்தார்கள். மாமி, அப்பா, டொறத்தி. பொய்யை வைத்திருந்தால் பெயர் இருக்கும். உண்மையைச் சொன்னால் பெயர் போகும். எழுத வாசிக்கத் தெரியாத என் குடும்பம் எண்பது வருடத்துக்கு மேலாக அந்த மனிதனைக் காப்பாற்றி வைத்திருந்தது. படித்த முதல் ஆள் நான் வந்து கழற்றினேன்.

நாலு ஊசி. இரண்டு காட்டை ஒட்டியபடியால் நாலு. மூன்று இலகுவாக வந்தன, நாலாவது பலகையின் மரச் சட்டத்தில் இறங்கியிருந்தது. நகத்தால் கிளப்பினேன், நகம் உடைந்தது. காட் போன இடத்தில் பச்சைத் துணி வெளிறாமல் கரும்பச்சையாக, நீளமாக, ஒரு பட்டையாக இருந்தது.

"ஓ"

புரட்டாசிச் சனி ஒன்றில் அப்பாவோடு ஸ்டீல்ஸ் வீதிப் பக்கத்துப் பிளாசாவில் மரக்கறி வாங்கப் போயிருந்தேன். எள்ளெண்ணெய் அடுக்கிய தட்டுக்கு முன்னால் சிவநேசன் அங்கிள் நின்றார். வெளியூரிலிருந்து வந்த தன் மச்சானுக்குக் காட்டப் பலகைக்குப் போனாராம், காட்டைக் காணவில்லையாம்.

"என்ன அண்ணை, ஆரும் எடுத்துப்போட்டினமோ? கேட்டு ஒரு லெட்டர் எழுதுவமே?"

நான் வாயைத் திறந்தேன். அப்பா முந்திக்கொண்டார்.

"பிள்ளைதான் எடுத்தவா. அவர் குண்டில சாகேல்லை. காய்ச்சலில செத்தவர்."

சொல்லிவிட்டு நிமிர்ந்து நின்றார். முதுகு வளைந்த மனிதர், எவ்வளவு நிமிர முடியுமோ அவ்வளவு.

"ஓ" என்றார் சிவநேசன் அங்கிள்.

நான் காத்திருந்தேன். அந்த மனிதரிடமிருந்து இன்னொரு சொல் வரும் என்று, எந்தக் காய்ச்சல், எங்கே கிடந்தார், எத்தனை பேர் செத்தார்கள் என்று ஏதாவது கேட்பார் என்று உண்மையாகவே எதிர்பார்த்தேன். அவர் எண்ணெய்ப் போத்தலைத் திருப்பி விலையைப் பார்த்தார். முருங்கைக்காய் நல்லதா வந்திருக்கு என்றார். வண்டிலைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

அப்பா அந்த வண்டில் போன பக்கம் பார்த்தார். பிறகு, நாங்களும் ரெண்டு முருங்கைக்காய் எடுப்பம் என்றார். முருங்கைக்காய் அவருக்குக் கூடாது. எடுத்தேன்.

திகதி எழுதும் பெட்டி

இதை எழுதும்போது காட் என் மேசையில் இருக்கிறது. நாலு துளை. டொறத்தியின் அளவுகோல் கோடு பென்சிலில் இன்னும் தெரிகிறது.

தளத்துக் கூலியாட்களின் நோய்ப் பதிவுகள் ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்று என் பேராசிரியரிடம் கேட்டேன். இருந்தாலும் பெயர் இருக்காது, தலைக்கணக்குத்தான் இருக்கும் என்றார். இத்தனை பேர் வேலைக்கு, இத்தனை பேர் நோய், இத்தனை பேர் குறைவு. அந்தக் குறைவு என்ற நிரலில் என் பூட்டன் ஒரு கோடாக இருக்கலாம், ஓடியவனாகவும் அதே நிரலில் ஒரு தரம் இருந்திருக்கலாம். இதை வைத்து ஆய்வு எழுத முடியாது, நல்ல தலைப்பாக வேறொன்று எடு என்று அக்கறையோடுதான் சொன்னார்.

கொழும்பில் உள்ள ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பும் தேடல் படிவத்தை எடுத்தேன். ஆளின் பெயர் என்ற இடத்தில் கதிர்காமத்தம்பி என்று எழுதினேன். கோட்டுக்கு வெளியே போனது, போகட்டும் என்று விட்டேன். தொழில்: கூலி. இறந்த காரணம்: காய்ச்சல்.

இறந்த திகதி என்று ஒரு சிறிய பெட்டி. போன தடவை, காட்டில், இந்த இடத்தில்தான் புத்தகத்தைப் பார்த்து எழுதினேன். இந்தத் தடவை அப்பாவைக் கேட்டேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்: பிள்ளையார் சதுர்த்திக்கு இரண்டாம் நாள். அதற்குக் கீழே, பழைய பஞ்சாங்கத்தைப் பார்த்து, அந்த வருடத்துச் சதுர்த்தியிலிருந்து எண்ணி, இங்கிலீசுத் திகதியையும் எழுதினேன். பெயரில்லாத மற்றவர்களுக்காக, அந்த ஆவணி முழுவதற்குமான பதிவுகளையும் கேட்டேன்.

அப்பா நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதில் வருமே?"

"வராது அப்பா."

தலையாட்டினார். போன செவ்வாய்க்கிழமை, அவரை டயாலிசிசுக்கு இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில், அதைத் தபாலில் போட்டுவிட்டேன்.